மறதி விடுப்பு

மலைவளப் பெருக்க வாரியம் என்று ஒரு வாரியம் இருந்தது. மலையில் வளம் பெருகியதோ இல்லையோ, வாரியம் பெருகியது. ஜவ்வாது மலையில் கடுக்காமரத்தூர் என்னும் சிற்றூரில் அதற்கு ஒரு வட்டார அலுவலகம் உண்டு. மலைக்காரர்கள் கொண்டுவரும் புளி, தேன், கடுக்காய் ஆகியவற்றை எடை போட்டு வாங்கி அடிவாரத்துக்கு அனுப்புவது அதன் வேலை என்று ஆதியில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் வந்த சுற்றறிக்கைகள் அதன்மேல் ஒவ்வொன்றாகப் படிந்து, அந்த முதல் வாக்கியத்தை மூடிவிட்டன.

1986ஆம் வருஷம் ஆனி மாதம் அந்த அலுவலகத்துக்குச் சென்னைத் தலைமையகம் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தது. அந்த வருஷம் கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே தனி மவுசு. கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் கணித்தார்கள். ஜவுளிக் கடையில் கம்ப்யூட்டர் சேலை விற்றார்கள். அதைக் கட்டிக்கொண்டவர்கள் முன்னைவிடச் சரியாகக் கணக்குப் போட்டதாகத் தகவல் இல்லை. ஊரே இப்படி முன்னேறிக்கொண்டிருக்கும்போது ஒரு வாரியம் மட்டும் கையால் எழுதிக்கொண்டிருப்பது தேசத்துக்கு அழகல்ல.

பெட்டி லாரியில் ஏறி, அமிர்தி வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்து சேர்ந்தது. பியூன் கண்ணாயிரமும் இன்னும் நாலு பேரும் அதை இறக்கி, தேன் டின்கள் அடுக்கியிருந்த அறையில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினார்கள். பெட்டியோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதன் சாரம் இது:

கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாதவர் யாரும் பெட்டியைத் திறக்கலாகாது. தெரிந்துகொள்ள விரும்புவோர் புத்தகம் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்து அதை நிர்வாகம் செய்கிற ஏற்பாட்டின் பெயர் யூனிக்ஸ். அதைக் கற்பிக்கும் ஆரம்பநிலைப் புத்தகங்களில் குறைந்தது மூன்றை ஒப்பிட்டு, சிறந்ததை வட்டார அலுவலகமே தேர்ந்தெடுத்துத் தலைமையகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை கொள்முதல் நிறுத்தி வைக்கப்படுகிறது.

இந்தச் சுற்றறிக்கையைப் படித்து உண்மையிலேயே கலங்கியவர் ஒருவர்தான். அவர் தலைமை எழுத்தர் பஞ்சாட்சரம்.

பஞ்சாட்சரம் மலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மனைவி மங்கம்மாள் கண்ணமங்கலத்தில் சொந்த வீட்டில் இருக்கிறாள். அவர் இங்கே வாடகை அறையில், பம்பு ஸ்டவ்வோடு போராடிக்கொண்டு இருக்கிறார். ஆறு வருஷம் மனுப் போட்டதன் பலனாகக் கண்ணமங்கலம் கிளைக்கு மாற்றல் உத்தரவு அப்போதுதான் வந்திருந்தது. ஆனால் உத்தரவின் கடைசி வரியில், ‘நிலுவையில் உள்ள பணிகளை முடித்தபின் விடுவிக்கலாம்’ என்று இருந்தது. வாரியத்தில் ஆடி மாதத்தில் யாரும் புது இடத்தில் பொறுப்பேற்பதில்லை. இது விதிப் புத்தகத்தில் இல்லை. அதனாலேயே ஒருவரும் மீறியதில்லை. ஆடி பிறப்பதற்குள் அவர் போய்ச் சேராவிட்டால், அமிர்திக் கிளையில் இருக்கும் கோவிந்தன் என்பவருக்கு அந்த இடம் போய்விடும். கோவிந்தன் இதற்குள் இரண்டு தடவை கண்ணமங்கலத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

ஆகவே பஞ்சாட்சரத்தின் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே காரியம், ஆனி முடிவதற்குள் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது.

புத்தகங்கள் வந்தன. ஒன்றுக்குச் சிவப்பு அட்டை, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு நீலம். மூன்றும் இங்கிலீஷ். மூன்றின் முன்னுரையிலும், இதுவரை வந்த புத்தகங்கள் எதுவும் ஆரம்பநிலையில் உள்ளவர்களுக்குப் புரியவில்லை என்பதாலேயே இதை எழுத நேர்ந்தது என்று ஆசிரியர்கள் வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

வட்டார அதிகாரி கோபால்சாமி இளமையில் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்பைப் பயன்படுத்த இருபது வருஷமாக அவருக்கு ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தது.

“சார், இதுல யோசிக்க ஒண்ணுமில்லீங்க,” என்றார் பஞ்சாட்சரம். “காவலூர்ல நட்சத்திரம் பாக்கறதுக்கு அந்தப் பெரிய தூரதர்சினி வெச்சிருக்காங்களே, அங்க ஒருத்தர் இந்த யூனிக்ஸ்லதான் வேலை செய்றாராம். தேன் வாங்க வெளிய வந்து நிக்கறாரு. அவரைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு.”

காவலூர்க்காரர் உள்ளே அழைக்கப்பட்டார். கையில் தூக்குப் போணியோடு வந்தவர் மூன்றையும் புரட்டிப் பார்த்தார்.

“பச்சைதாங்க நல்ல புத்தகம். நானே அதைப் படிச்சுத்தான் கத்துக்கிட்டேன்.”

“படிக்கும்போது உங்களுக்கு யூனிக்ஸ் தெரியாது?” என்றார் கோபால்சாமி.

“தெரியாது.”

“இப்போது?”

“இப்ப தெரியும்.”

“அப்படியானால் இப்போது நீங்கள் சொல்வது தெரிந்தவரின் கருத்து. இது ஆரம்பநிலைப் புத்தகம். தெரியாதவரின் கருத்துதான் செல்லும். தெரியாமல் இருந்தபோதே வந்து சொல்லியிருக்க வேண்டும்.”

“அப்ப இந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டரே இல்லீங்களே!”

“அது உங்கள் அவசரத்தைக் காட்டுகிறது,” என்றார் கோபால்சாமி. காவலூர்க்காரர் தேனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வானத்தில் எதையாவது கண்டுபிடித்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அடுத்து, ஆரம்பநிலையாளர் ஒருவரை அடையாளம் காணும் பணி தொடங்கியது. கண்ணாயிரத்துக்கு இங்கிலீஷ் வராது. அதிகாரி மதிப்பிடுபவரை மதிப்பிட வேண்டியவர். ஆகவே அவர் படிக்கக் கூடாது. மிஞ்சியவர்கள் பஞ்சாட்சரமும் டைப்பிஸ்ட் அம்சவல்லியும். அம்சவல்லி ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண், தினக்கூலி, சுறுசுறுப்பானவள். தனக்கு யூனிக்ஸ் பற்றி யாதொன்றும் தெரியாது என்று அவளிடம் எழுத்து மூலமாக வாங்கிக்கொண்டு, சிவப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

நாலே நாளில் திரும்பி வந்தாள். “படிச்சிட்டேன் சார். நல்லா புரியுது. அடுத்தத குடுங்க.”

கோபால்சாமி பச்சைப் புத்தகத்தை நீட்டியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “புரிகிறதா? அப்போது யூனிக்ஸ் உனக்குத் தெரியும்?”

“கொஞ்சம் தெரியும் சார்.”

“தெரிந்தவள் எப்படி ஆரம்பநிலையாளராக இருக்க முடியும்? இரண்டாவது புத்தகம் உனக்கு லேசாகத்தான் இருக்கும். அது புத்தகத்தின் பெருமையா, உன் பெருமையா என்று எப்படிப் பிரிப்பது?”

“அப்ப வேற ஆளு அதப் படிக்கட்டும் சார்.”

“வேறு ஆள் படித்தால் அது ஒப்பீடு ஆகாது. நீ ஒன்றைத் தின்று, அவர் ஒன்றைத் தின்று, எது ருசி என்று எப்படிச் சொல்வீர்கள்? மூன்றையும் ஒரே நபர் படிக்க வேண்டும். மூன்றையும் ஒன்றும் தெரியாமல் படிக்க வேண்டும்.”

வெளியே கடுக்காய் மூட்டையோடு வந்திருந்த மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

“பொட்டிய தொறந்துட்டாங்களா?”

“இன்னும் இல்லியாம். எந்தப் பொஸ்தகத்தப் படிக்கறதுன்னு ரோசன பண்றாங்களாம்.”

மூட்டையை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று பிற்பகல் கோபால்சாமி ஒரு தீர்வு கண்டார். அது அவர் கல்லூரிக்கே பெருமை சேர்க்கத் தக்கது. ஒரு புத்தகத்தைப் படித்தவர் அதை முற்றிலும் மறந்துவிட்டால் மீண்டும் ஆரம்பநிலையாளர் ஆகிவிடுகிறார். மறப்பதற்குக் காலம் தேவை. ஆகவே அரசு ஊழியருக்குரிய தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு ஆகியவற்றோடு மறதி விடுப்பு என்று புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டது. படித்தவர் ஒரு வாரம் விடுப்பில் சென்று, படித்ததை மறந்துவிட்டு வர வேண்டும். உண்மையில் மறந்தாரா என்பதைத் தேர்வு வைத்து உறுதி செய்ய வேண்டும். சிவப்புப் புத்தகத்தின் கடைசியில் சரியா தப்பா என்று குறிக்கச் சொல்லி இருபது கேள்விகள் இருந்தன. அதில் பூஜ்யம் வாங்கினால் முழு மறதி, தேர்ச்சி.

அம்சவல்லி ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாள். வந்த அன்றே தேர்வு. இருபதுக்கு இருபது.

“ஏம்மா, மறக்கறதுக்குத்தானே அனுப்பினோம்?” என்று பஞ்சாட்சரம் பொறுக்கமாட்டாமல் கேட்டார். “ஒரு வாரம் இன்னா பண்ணே?”

“மறக்கணும் மறக்கணும்னு தெனமும் நெனச்சேன் சார். அதுல எல்லாமே மனப்பாடம் ஆயிடுச்சு.”

அவளுக்கு மெமோ கொடுக்கப்பட்டது. ‘அலுவலகம் அளித்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளாமல் அறிவை வேண்டுமென்றே தக்கவைத்துக்கொண்டது ஏன்’ என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அதை டைப் அடித்ததும் அவள்தான்.

ஆனி நழுவிக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் அதிகாரியின் எதிரே போய் நின்றார்.

“சார், அந்தப் பொண்ணுக்கு வயசு இல்லீங்க. மறக்கறதுக்கு அனுபவம் வேணும். நான் இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ். போன மாசம் வந்த சர்க்குலர்ல இன்னா இருந்ததுன்னு இப்ப கேளுங்க.”

“என்ன இருந்தது?”

“தெரியலீங்க.”

கோபால்சாமிக்குப் பரம திருப்தி. பஞ்சாட்சரம் சிவப்புப் புத்தகத்தை அலுவலக நேரத்தில், அலுவலகத்தார் முன்னிலையில் படித்து முடித்தார். பிறகு மறதி விடுப்பில் கண்ணமங்கலத்துக்குப் பஸ் ஏறினார். ஒரு வாரம் வீட்டுச் சாப்பாடு. வந்ததும் தேர்வில் பூஜ்யம். பிறகு பச்சை, நீலம். ஆடிக்கு முன்பே விடுதலை. பஸ் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை.

பிழை எங்கே என்பது கீழே இறங்கி இரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது. காகிதத்தைக் காலியாகக் கொடுக்க முடியாது. எல்லாக் கேள்விக்கும் பதில் குறிக்க வேண்டும் என்பது விதி. அவருக்கோ புத்தகம் அரையும் குறையுமாகத்தான் நினைவில் இருந்தது. சரி என்பதே விடையாக உள்ள இடத்தில் கைதவறிச் சரி என்றே போட்டுவிட்டால்? ஒரே ஒரு மதிப்பெண் வந்தாலும் மறதியில் தோற்றதாகிவிடும். எல்லாவற்றையும் தப்பாக எழுத வேண்டுமானால் எது சரி என்று ஐயம் திரிபறத் தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல வேளையாக, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று புத்தகங்களையும் அலுவலக அலமாரியிலிருந்து யாருக்கும் தெரியாமல் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். எழுத்தர் வேலையில் அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான்: ஒரு காகிதம் கூடுதலாகக் கைவசம் இருந்தால் எப்போதும் நல்லது.

கொல்லைப்புறத்தில் வாழைக்கு அருகே கட்டிலைப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். மங்கம்மாள் துணி உலர்த்திக்கொண்டே பார்த்தாள்.

“இன்னாங்க, மறக்கறதுக்குன்னு லீவு குடுத்தாங்கன்னீங்க. காலையிலேர்ந்து படிச்சிக்கினே கீறீங்க?”

“நல்லா மறக்கணும்னா நல்லா படிக்கணும் மங்கா.”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீலப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி ஒரு வரி படித்தாள்.

“‘பயப்பட வேண்டாம்’னு ஆரம்பிக்குது. எதுக்குப் பயப்படணும்?”

“அது ஆரம்பநிலையில இருக்கறவங்களுக்கு.”

“நீங்க இப்ப எந்த நெலையில கீறீங்க?”

பஞ்சாட்சரம் நீலப் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“கோவிந்தன்னு ஒருத்தர் வந்து வூட்டப் பாத்துட்டுப் போனாரு,” என்றாள் அவள். “வாடகைக்குக் கெடைக்குமான்னு கேட்டாரு. எங்க வூட்டுக்காரரு ஆடிக்கு முன்னாடி வந்துடுவாருன்னு சொல்லி அனுப்பிட்டேன். வந்துடுவீங்கதான?”

“வந்துட்டேன்னு வெச்சிக்கோ,” என்றார் பஞ்சாட்சரம், பக்கத்தைத் திருப்பியபடி.

அந்த ஒரு வாரத்தில் அவருக்கு நேர்ந்தது விசித்திரமானது. முதலில் பயத்தினால் படித்தார். பிறகு ரோஷத்தினால் படித்தார். கடைசி இரண்டு நாள், சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஆசையினால் படித்தார். கோப்புகளுக்குள் கோப்புகளை அடுக்கி, இன்னார் இதைத் தொடலாம் இன்னார் தொடக்கூடாது என்று வரையறுத்து, ஒவ்வொருவரும் வந்துபோன நேரத்தையும் குறித்துக்கொள்கிற அந்த ஏற்பாடு, வாரியத்தைப் போலவே இருந்தது. ஒரே வித்தியாசம், அது வேலை செய்தது. மூன்றில் பச்சைப் புத்தகமே சிறந்தது என்பதும் அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதால் அதை யாரிடமும் சொல்ல முடியாது.

மலைக்குத் திரும்பி, புத்தகங்களைச் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். தேர்வுக்கு மேஜை போடப்பட்டது. அப்போதுதான் பஞ்சாட்சரத்துக்குள் இருந்த பழைய எழுத்தர் விழித்துக்கொண்டார். ஒரு காகிதம் கூடுதலாக இருந்தால் நல்லது.

“சார், ஒரு விஷயம். நாளைக்கு ஆடிட்டுக்காரங்க வந்து, இவரு மறந்தாருன்னு எத வெச்சிச் சொல்றீங்கன்னு கேட்டா? ஒண்ணுமே படிக்காதவன் ஒருத்தனையும் கூடவே எழுத வெச்சிடலாம். பக்கத்துப் பக்கத்துல வெச்சிப் பார்க்க வசதியா இருக்கும்.”

“பேஷ்!” என்றார் கோபால்சாமி. “ஒப்பீட்டு அறியாமை! கண்ணாயிரம், உட்கார்.”

“எனக்கு இங்கிலீசு வராதுங்களே.”

“வராததுதான் தகுதி. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சரி போடு, இல்லை பெருக்கல் குறி போடு. யோசித்துப் போடு.”

கண்ணாயிரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ எடுத்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் அதைக் குலுக்கித் தரையில் போட்டான், பார்த்தான், குறித்தான். கேள்வியைப் படிக்கத் தெரியாதது அவனுக்கு இடைஞ்சலாகவே இல்லை. பஞ்சாட்சரமோ ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்தார். ‘பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் யூனிக்ஸுக்கு ஒன்றே.’ தப்பு, ஆகவே சரி என்று போட்டார். ‘அழித்த கோப்பு தானாகத் திரும்பி வராது.’ சரி, ஆகவே தப்பு என்று போட்டார். இவ்வளவு சுத்தமாக அவர் எந்தக் காரியத்தையும் சர்வீஸில் செய்ததில்லை.

கோபால்சாமி விடைப் பக்கத்தை வைத்துத் திருத்தினார். பஞ்சாட்சரம்: பூஜ்யம்.

“அபாரம்!” அதிகாரி எழுந்து நின்று கை குலுக்கினார். “ஒன்றுகூட இல்லை! பஞ்சாட்சரம், ஒரு வாரத்தில் இவ்வளவு மறந்தவரை நான் மேல்மட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன்.” பச்சைப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கப் போனவர், ஒழுங்கைக் கருதி கண்ணாயிரத்தின் தாளையும் திருத்தினார்.

பத்து.

“என்னது? பத்தா?” கோபால்சாமியின் புருவம் ஏறியது. “கண்ணாயிரம்! பூட்டிய அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்தாயா?”

“ஐயோ, சாமி சத்தியமா இல்லீங்க! இதாங்க!” என்று அவன் உள்ளங்கையை விரித்தான். ஒரு புளியங்கொட்டை. ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளையாக்கியது. “நாங்க தாயம் ஆடறதுங்க. வெள்ள வுழுந்தா சரின்னு போட்டேன், கருப்பு வுழுந்தா தப்புன்னு போட்டேன்.”

கோபால்சாமி அந்தப் புளியங்கொட்டையை வாங்கி மேஜைமேல் வைத்தார். அதையே பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் படித்த சாஸ்திரம் அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறுவதைப் பஞ்சாட்சரம் பார்த்தார்.

“புளியங்கொட்டைக்கு யூனிக்ஸ் தெரியுமா, பஞ்சாட்சரம்?”

“தெரியாதுங்க சார்.”

“ஒன்றும் தெரியாத புளியங்கொட்டைக்குப் பத்து. உங்களுக்குப் பூஜ்யம். புளியங்கொட்டையைவிட உங்களுக்குக் குறைவாகத் தெரியுமா?”

“ஆமாங்க சார். ரொம்பக் கம்மிங்க.”

“முடியாது. புளியங்கொட்டைக்குக் கீழே அறியாமை கிடையாது.” கோபால்சாமி கண்ணாடியைக் கழற்றினார். “தெரியாதவன் குருட்டாம்போக்கில் போட்டால் ஏறக்குறையப் பாதி சரியாக விழும். இருபதிலும் தப்பான பக்கமே விழவேண்டும் என்றால், இருபதிலும் சரியான பக்கம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு யூனிக்ஸ் முழுதும் தெரியும்!”

கடுக்காமரத்தூர் வட்டார அலுவலகத்தில் தர்க்கப்படி ஒரு சரியான முடிவு எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அது பஞ்சாட்சரத்தின் தலைமேல் விழுந்தது.

“அப்படின்னா... விடுவிப்பு உத்தரவு, சார்?”

“விடுவிப்பா? மலையிலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே வாரிய ஊழியர் நீங்கள். உங்களை எப்படி விடுவது?”

“அம்சவல்லிக்குத் தெரியுமே சார்! இருபதுக்கு இருபது வாங்கினாளே!”

“அவள் தினக்கூலி. தற்காலிகப் பணியாளரின் அறிவும் தற்காலிகமானதே. நிரந்தர ஊழியரின் அறிவைத்தான் பதிவேட்டில் ஏற்ற முடியும்.”

டைப் மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

ஆடி பிறந்தது. கண்ணமங்கலத்தில் கோவிந்தன் பொறுப்பேற்றிருந்தார். ஆடிக்கு ஒரு நாள் முன்னதாக, ஓடிவந்து. கடுக்காமரத்தூரில், தெரிந்தவர் ஒருவர் இருப்பது நிரூபணமாகிவிட்டதால், பெட்டி திறக்கப்பட்டது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கண்ணாயிரம் ஆணிகளைப் பிடுங்கினான். உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் இயந்திரம், இயந்திரத்தின்மேல் ஒரு மெல்லிய புத்தகம். அட்டையில், ‘முதலில் இதைப் படியுங்கள்’ என்று அச்சிட்டிருந்தது.

பஞ்சாட்சரம் அதைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“சார்! இதுல யூனிக்ஸே இல்லீங்க! வேற ஏதோ மூணெழுத்துப் பேரு. மெட்ராஸ்ல தப்பா எழுதிட்டாங்க. இந்த இயந்திரத்தப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது!”

“ஒன்றுமே?”

“புளியங்கொட்ட அளவுக்குத்தாங்க. என்னை விட்டுடலாமே? கோவிந்தன் இன்னும் டேபிள்கூடத் தொடைச்சிருக்க மாட்டாரு.”

கோபால்சாமி அவர் தோளில் கை வைத்தார். “பஞ்சாட்சரம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் இயந்திரத்துக்காக உங்களை இங்கே வைத்திருப்பேன். தெரியாததால் புத்தகத்துக்காக வைத்திருக்கிறேன். நீங்கள் மறுபடியும் ஆரம்பநிலையாளர் ஆகிவிட்டீர்கள். இந்த நிலை எல்லோருக்கும் வாய்க்காது.” மெல்லிய புத்தகத்தை அவர் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டார். “இது தேர்ந்தெடுக்கப்படாத புத்தகம். இதை இப்போதே படித்துக் கெட்டுப்போகாதீர்கள். இதோடு ஒப்பிட இன்னும் இரண்டு வரவேண்டும்.”

புத்தகம் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

நாலாம் நாள் மத்தியானப் பஸ்ஸில் மங்கம்மாள் வந்து இறங்கினாள். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, ஒரு கையில் துணி மூட்டை. நேராக அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

“ஆடி வந்துடுச்சு, நீங்க வரல. அந்தக் கோவிந்தன் தெனமும் வந்து நின்னாரு. நான் கெளம்பினா காலியாத்தான கெடக்கும்னு வூட்டுச் சாவிய அவராண்ட குடுத்துட்டேன். இனிமே நானும் இங்கதான். எங்க அந்தப் பொட்டி?”

காட்டினார்கள். தேன் டின்களுக்கு நடுவில், எறும்புகள் சுற்றிவர, அது உட்கார்ந்திருந்தது. மங்கம்மாள் சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்கம் தொங்கிய ஒயரைப் பார்த்தாள். சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தாள்.

“சொருகிட்டு ஒரு தட்டு தட்டிப் பாத்தா இன்னா?”

அம்சவல்லி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாயிரம் அன்றாடக் கற்பூரத் தட்டோடு இரண்டடி பின்வாங்கினான்.

“புத்தகமே இல்லாமலா!” என்றார் பஞ்சாட்சரம். குரலில் நிஜமான அதிர்ச்சி. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

கோபால்சாமி மட்டும் மெய்சிலிர்த்து நின்றார். “அம்மா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது தெரியுமா?”

“எனக்கு இன்னாங்க தெரியும்?”

“இங்கிலீஷ் படிப்பீர்களா?”

“எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.”

“கேட்டீர்களா பஞ்சாட்சரம்! கலப்படமே இல்லாத ஆரம்பநிலை! இப்படி ஒருவரைக் கண்ணமங்கலத்தில் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் சொல்லவே இல்லையே!” கோபால்சாமி பரபரப்பாக நடந்தார். “இந்தத் தடவை ஒரே ஆளை நம்பி மோசம் போகக்கூடாது. ஒரு புத்தகத்துக்கு ஓர் ஆள். மறதிக்கு வேலையே இல்லை. தின்றவர்களின் முகத்தைப் பார்த்து ருசியை நான் முடிவு செய்கிறேன். நீங்கள் ஒருவர், அம்மையார் ஒருவர். உடனே உத்தரவு எழுதுங்கள். புத்தகத் தேர்வு முடியும்வரை ஊரை விட்டு நகரக்கூடாது என்று கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.”

பஞ்சாட்சரம் உட்கார்ந்து, தன் மனைவியை மலையில் நிறுத்திவைக்கும் உத்தரவைத் தன் கையாலேயே எழுதினார். மங்கம்மாள் தூக்கைத் திறந்து, ஆறிப்போன குழம்பை அவர் மேஜைமேல் வைத்தாள்.

“மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டுமே,” என்றார் கோபால்சாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. “நிரந்தர ஊழியர். கம்ப்யூட்டர் வாடையே படாதவர்.”

பஞ்சாட்சரத்தின் பேனா நின்றது. ஆடி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“இருக்காரு சார். கண்ணமங்கலத்துல. கோவிந்தன்னு பேரு. நானே சர்டிபிகேட் எழுதித் தர்றேன்,” என்று புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். “அவருக்கு ஒண்ணுமே தெரியாது. இப்ப வரைக்கும்.”